சோணையக்காவின் பழைய தண்ணீர்

சோணையம்மாள் இறந்து இன்றோடு பதினெட்டு நாள். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மாலை போட ஒரு படம் இருக்குமா என்று அவருடைய மகன் என்னிடம் வந்து கேட்டான். இல்லை. எடுத்திருந்தாலும் அதில் முந்தானை நனைந்துதான் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த பதினொரு வருஷத்தில், ஒரு பத்து நாளைத் தவிர, அவருடைய முந்தானை முழுசாகக் காய்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் காம்பவுண்டு தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. நடுவில் சிமெண்டு முற்றம், முற்றத்தின் ஓரத்தில் ஒரு முருங்கை மரம், சுற்றி ஏழு வீடுகள், ஏழுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார்ப்பரேஷன் குழாய். முன்வீட்டில் வீட்டுக்காரர் பட்டாபிராமனும் அவர் மனைவி அகிலாண்டம் மாமியும் இருந்தார்கள். கடைசியில், தகரக் கூரை போட்ட வீட்டில் சோணையக்காவும் அவருடைய கணவர் முத்திருளனும். முத்திருளன் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். மகன்கள் இரண்டு பேரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள்.

அக்கா திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் களையெடுக்கப் போனவர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று அவர் ஒரு நாளும் முடிவு செய்து ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது நான்தான். எனக்குத் தபால் ஆபீசில் வேலை. ஜானு பிறந்து, லீவு முடிந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"என்ன தாயி, ஆபீசுக்குப் போகணுமா, அழுகணுமா? ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. இங்கிட்டுக் குடு" என்று வாங்கிக்கொண்டார்.

அப்புறம் பூக்காரி மலையம்மாளின் மகன் காளை வந்தான். தையல்காரர் வீட்டு இரட்டைப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே தவழ்ந்துகொண்டு இன்னொரு கைக்குழந்தை. எல்லாரும் ஐந்து வயதுக்குக் கீழே. எல்லாருக்கும் அவர் அத்தை.

"தண்ணில வெளாடாதே" என்று சொல்லாத ஒரே பெரிய மனுஷி அவர்தான். அதைக் கேட்டால், "வேற எதுல வெளாடும்? நெருப்புலயா?" என்பார். ஆனால் அவரிடம் கணக்கான ஒழுங்கு இருந்தது. தண்ணீரில் நிற்பவர்களில் ஆகச் சின்னப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் அவர் எழுந்து போகமாட்டார். "சோறு பொங்குனா தொடச்சுக்கலாம்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே முத்திருளனைக் கூப்பிடுவார். வெயில் சாய்ந்த பிறகு தலையை நனைக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொரு காதாக முந்தானை நுனியைத் திருகித் துடைத்துவிடுவார். துடைத்த முந்தானையைப் பிழிந்து முருங்கைக்கு ஊற்றுவார்.

மாதத்துக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஐப்பசி மழையில் தகரக் கூரையிலிருந்து ஒழுகும் இடங்களில் ஈயச் சட்டி, பித்தளைத் தட்டு, பால்பொடி டப்பா என்று வரிசையாக வைப்பார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எது எந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும். "ஒழுகுற வீட்டுக்காரிக்கு இதாவது மிச்சம்" என்று முத்திருளனைப் பார்த்துச் சொல்லுவார். கூரையைச் சரிசெய்வதாக முத்திருளன் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடிக் காற்றில் குமிழி ஊதச் சோப்புத் தண்ணீரும் பப்பாளித் தண்டும். மார்கழியில் வெந்நீர் மட்டும், அதுவும் பொம்மைகளுக்கு.

கோடைதான் பெரிய திருவிழா. நுங்கு தின்றபின் மிஞ்சும் கூடுகள் கப்பல் ஆகும். எலுமிச்சம்பழம் மிதக்குமா, புளியங்கொட்டை மிதக்குமா என்று பந்தயம் நடக்கும். பழைய சுண்ணாம்பு மட்டையைத் தண்ணீரில் முக்கி, பிள்ளைகள் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். ஒரு முனையில் அடித்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. "மேஸ்திரி, வேலை முடிஞ்சுச்சா?" என்று அக்கா கேட்பார். "இன்னும் இல்லத்தே" என்று மூன்று வயதுக் காளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லுவான்.

1983 கோடை வந்தது. வைகையில் மணல்தான் ஓடியது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஏழிலிருந்து எட்டரை வரை தண்ணீர். பட்டாபிராமன் சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். குழாய்க்கு மேலே சுவரில் ஒரு அட்டை மாட்டினார். வீட்டுக்கு ஆறு குடம். முறை தாண்டக் கூடாது. ஒரு சொட்டு கீழே கொட்டுபவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழே கையெழுத்தும் தேதியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் அன்றைக்கு எந்த வீட்டுப் பெண்ணும் பழைய தண்ணீரை வைத்துக்கொள்ள மாட்டாள். குழாயில் புதுத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும், குடத்தில் மிச்சமிருக்கும் முந்தாநாள் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, குடத்தை விளக்கி, புதுசாகப் பிடிப்பாள். தண்ணீர் பஞ்சம் வந்தாலும் கை தானாகக் கவிழ்த்துவிடும். நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தான். நானும் கவிழ்த்தேன்.

அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பழைய சிமெண்டு தொட்டி ஒன்றை முத்திருளன் எங்கிருந்தோ தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். அதை முருங்கைக்கு அடியில் போட்டுவிட்டு அக்கா வீடு வீடாக வந்தார்.

"கீழ ஊத்துறத என் தொட்டில ஊத்துங்கத்தா. புள்ளைக வெளாண்ட பெறகு முத்தத்தக் கழுவிக்கிறேன், மிச்சம் மரத்துக்கு. சாக்கடைக்கு என்னத்துக்கு இம்புட்டு நல்ல தண்ணி?"

நான் இரண்டு குடம் ஊற்றினேன். மலையம்மாளும் தையல்காரர் வீட்டிலும் கொஞ்சம். அக்கா வீட்டிலிருந்து அரைக் குடம். எல்லாம் சேர்த்து நாலு குடம் தேறும். அது தொட்டியின் அடியை நனைக்கும், அவ்வளவுதான். தொட்டியை நிரப்பியது அகிலாண்டம் மாமி.

மாமிக்கு மடி, ஆசாரம் அதிகம். முந்தாநாள் தண்ணீரில் சமைக்கவோ சாமிக்கு வைக்கவோ மாட்டார். வீட்டில் இரண்டே பேர், ஆனால் வீட்டுக்காரர் என்பதால் முதல் முறை அவர்களுக்கு, அண்டாக்களும் பெரிசு; அவை நிறையும்வரை மாமி ஆறு குடத்தோடு நிறுத்தமாட்டார். அதனால் எட்டுக் குடத்துக்குக் குறையாமல் மிஞ்சும். பட்டாபிராமன் தினமும் ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் மாமி எட்டுக் குடத்தையும் சத்தமில்லாமல் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். இப்போது தொட்டியில்.

தன் குடம் எங்கள் தொட்டியில் பட்டுவிடக் கூடாது. எனவே மாமி குடத்தை மார்பு உயரத்துக்குத் தூக்கி அங்கிருந்து ஊற்றுவார். முதல் நாள் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தத் தண்ணீருக்கு அடியில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஓடியா ஓடியா, குத்தாலம்! நம்ம மாமி குத்தாலத்தையே கொண்டாந்துட்டாங்க! இன்னும் ஒசக்கத் தூக்குங்க மாமி!"

பிள்ளைகள் கூச்சல் போட, மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுறை எக்கி நின்று ஊற்றினார். போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"சோணை, அவர்ட்ட மட்டும் சொல்லிடாதே. சுவத்துல அட்டை மாட்டினவர் ஆத்துலயே இப்படின்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

"எனக்கு எதுக்கு மாமி அந்தப் பேச்சு? குத்தாலம் எங்கருந்து வருதுன்னு யாரு கேக்கப்போறா?"

கேட்டார்கள். சித்திரை பிறந்த ஒரு வாரத்தில், ஒரு மத்தியான வேளையில், பட்டாபிராமன் முருங்கைக்காய் பறிக்கலாமா என்று பார்க்கப் பின்பக்கம் வந்தார். நான் அன்றைக்கு லீவு. காளை சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். சுவர் முடிந்த இடத்தில் வேஷ்டி இருந்தது. அதற்கும் ஒரு பட்டை இழுத்துவிட்டான்.

பட்டாபிராமன் வேஷ்டியைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

"பன்னெண்டு குடம் இருக்கு" என்றார். "ஊரே வாயில ஈரமில்லாம நிக்கறது. இங்க பன்னெண்டு குடம். ஏது சோணை இவ்வளவு ஜலம்?"

"பழைய தண்ணிங்கய்யா."

"யாராத்துப் பழசு?"

அக்கா வாயைத் திறந்தார். முன்வீட்டு ஜன்னலில் மாமி நிற்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"எங்க வீட்டுதுதான்யா" என்றார் அக்கா.

"உனக்கே ஆறு குடம்தான். ஆறுல பன்னெண்டு மிஞ்சுமா? நான் கோயிலுக்குப் போற நேரம் பாத்து முறை தாண்டிப் பிடிக்கறே. இதுக்குப் பேர் என்ன தெரியுமோ? திருட்டு. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு."

திருட்டு என்ற சொல்லை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஏழு வீட்டுக்கும் கேட்டது. அக்கா பிள்ளைகளைத் தொட்டியிலிருந்து தூக்கி வெளியே விட்டார். ஒவ்வொரு காதாகத் துடைத்தார்.

சாயங்காலம் நான் முன்வீட்டுக்குப் போய், இரண்டு குடம் என்னுடையது, மற்ற வீடுகளிலும் ஊற்றினோம் என்று சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "எல்லாம் சேத்து நாலு. மிச்சம் எட்டு? அது ஆகாசத்துலேர்ந்து கொட்டித்தா?" மாமி சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் வந்து கத்தினேன். "எட்டுக் குடம் யாருதுன்னு சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சு போயிரும். ஏன்க்கா சொல்ல மாட்டேங்கறீங்க?"

"மாமி என்னய நம்பி ஊத்துச்சு தாயி. நாப்பது வருசமா அந்த மனுசன்கூடக் குடும்பம் நடத்துது. நான் வீட்ட மாத்திருவேன். மாமி எங்கிட்டு மாத்தும்?"

"உங்களத் திருடின்னு சொல்றாரே!"

"அது மட்டுந்தான் உள்ள போக மாட்டேங்குது" என்றார். பத்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். ஒரு கதிர் மடியில் கட்டிக்கொண்டு வந்ததில்லை என்று முத்திருளன்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாளே ஒத்தக்கடைக்குப் போய் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். அங்கே அடிபம்பு இருக்கிறதாம். "கூர ஒழுகாது" என்றார். "அப்ப ஐப்பசிக்கு என்ன வெளாடுறது?" என்று அக்கா கேட்டார். அவ்வளவு வருத்தத்திலும் அப்படி ஒரு கேலி.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. அக்கா ஒத்தக்கடை போனால் ஜானுவை யாரிடம் விடுவேன் என்ற பயம் எனக்கு.

தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு வேர்க்குரு கொப்பளித்தது. சொறிந்து சொறிந்து அழுதன. பழைய தண்ணீர் பழையபடி சாக்கடைக்குப் போனது.

தொட்டியைக் கவிழ்த்த பத்தாவது நாள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. பட்டாபிராமன் ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் பிள்ளைகள் காலிக் கொட்டாங்கச்சிகளை வைத்துக்கொண்டு குழாயடி விளையாட்டு ஆரம்பித்தார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, வாயால் "சர்ர்ர்" என்றால் குழாய் திறந்துவிட்டது.

இரட்டைப் பெண்களில் ஒருத்தி மலையம்மாள் ஆனாள். இன்னொருத்தி நான். என்னைப் போலவே கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஐயோ பஸ்ஸு பஸ்ஸு" என்றாள். என் மகள் ஜானு பாவாடையை மடிசார் மாதிரி கால்களுக்கு நடுவே இழுத்துப் பின்னால் செருகிக்கொண்டு, ஒரு கொட்டாங்கச்சியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். நாலு வயது. நடையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"தள்ளிக்கோங்கோ, தள்ளிக்கோங்கோ. மேல படாதேங்கோ!"

"குத்தாலம் வருது! குத்தாலம் வருது!" என்று காளை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து அடியில் நின்றான்.

"ஒண்ணு" என்று கவிழ்த்தாள் ஜானு. "ரெண்டு. மூணு."

"இன்னும் ஒசக்க மாமி!"

புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. சோணையக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவர், நடப்பதைப் புரிந்துகொண்டு ஓடிவந்தார். நானும் ஓடினேன். அதற்குள் எட்டு எண்ணி முடிந்துவிட்டது.

"எட்டுக் கொடம் ஆச்சு. போறும்டா காளை. மாமா கோயில்லேர்ந்து வந்துடுவார். சோணை, அவர்ட்ட மட்டும் சொல்லிடாதே!"

அக்கா அவள் வாயைப் பொத்தித் தூக்கினார். ஜானு அந்தக் கைக்குள்ளிருந்தே, "அத்தே, நீங்க 'எனக்கு எதுக்கு மாமி அந்தப் பேச்சு'ன்னு சொல்லணும்!" என்று திருத்தினாள்.

ஜன்னலில் பேப்பர் கீழே இறங்கியது. பட்டாபிராமன் முதலில் குழந்தையைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த மனைவியைப் பார்த்தார். மாமி முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் வீட்டுக்குள்ளிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவர் எழுந்து உள்ளே போனார். மாமியும் போனார். கதவு சாத்திக்கொண்டது. சத்தம் வரும் வரும் என்று காம்பவுண்டே காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காபி வாசனைதான் வந்தது.

மறுநாள் தண்ணீர் முறை. ஏழு மணிக்கு நாங்கள் குடங்களோடு வரிசையில் நின்றோம். பட்டாபிராமன் கோயிலுக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமி, "நான் கொண்டு வரேனே, நான் கொண்டு வரேனே" என்று. அவர் நேரே கவிழ்ந்து கிடந்த தொட்டியிடம் போய் நின்றார். தொட்டியைத் திருப்ப வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முத்திருளன் ஓடிவந்து நிமிர்த்தினார்.

பட்டாபிராமன் ஊற்றினார். குடம் தொட்டி விளிம்பில் நங்கென்று இடித்தது. மாமி கண்ணை மூடித் திறந்தார்.

"சோணை" என்று கூப்பிட்டார். அன்றைக்குத் திருட்டு என்று சொன்ன அதே அளவு குரல். ஆனால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தை தப்பு. முறை தாண்டினது நீ இல்லை. ஜலம் எங்காத்துது. உனக்குத் தெரிஞ்சும் சொல்லலை. நீ எங்கயும் போக வேண்டாம்."

இத்தனை பேர் எதிரில் அவர் அப்படிச் சொன்னதைத் தாங்க முடியாமல் நாங்கள் எல்லாரும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பத்து நாளாகத் தண்ணீர் படாத முந்தானை அங்கேதான் முதலில் நனைந்தது.

"சரிங்கய்யா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் ஏழு கொடம் இருக்குல்ல? புள்ளைக நிக்குதுக" என்றார்.

முதலில் சிரித்தது மாமிதான். அப்புறம் காளை யாரையும் கேட்காமல் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். பட்டாபிராமன் ஏழு குடத்தையும் தானே கொண்டுவந்து ஊற்றினார். நாலாவது குடத்துக்கு வேஷ்டி முழுக்க நனைந்துவிட்டது. ஆறாவது குடத்துக்கு, எந்தப் பக்கம் ஊற்ற வேண்டும் என்று இரட்டைப் பெண்கள் அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு முத்திருளன் ஒத்தக்கடைக்குப் புறப்பட்டார், வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர. பஸ்சுக்குப் போகிறவர் தொட்டியைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. "இந்தா, மில்லுக்காரரு வாராரு" என்று அக்காவே பிள்ளைகளுக்குக் கண்ணைக் காட்டினார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இறைத்தார்கள். "நல்ல சட்டைடீ!" என்று அவர் கத்தியது சந்து முனை வரை கேட்டது. மாற்றிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. சொட்டச் சொட்டவே பஸ் ஏறிப் போனார்.